பதினோரு பேருக்கு ஊதியது

லிப்ட் பழுது என்று ஓர் அட்டையில் எழுதிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் நுரையீரல் கெட்டுப்போனவர்களின் குறையைக் கேட்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிற குழுவைப் பார்க்க, நுரையீரல் கெட்டுப்போனவர்கள் ரெண்டு மாடி ஏற வேண்டியதாகப் போயிற்று. மருதையன் ஏறிவிட்டார். கலெக்டர் ஆபீஸ் கூட்ட அறையில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்த பிறகுதான் தனக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஐம்பத்தெட்டு வயசு. ரெண்டு மாடி ஏறி வந்தவனுக்குக் கொஞ்சமாவது இரைக்க வேண்டாமா, பேருக்காவது நெஞ்சு ஏறி இறங்க வேண்டாமா. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதபடி மூச்சைச் சின்னதாக விட்டுப் பார்த்தார், ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை, ஆனால் நாலு சிட்டிகைக்கு மேல் தாங்காமல் உடம்பு தானாகவே ஒரு பெரிய இழுப்பு இழுத்துவிட்டது, முதுகு வரைக்கும் போய் நிறைந்தது காற்று. கலியமூர்த்தி கீழே புங்கமரத்தடியில் ஆட்டோவிலேயே இருக்கிறான், மடிக்குப் பக்கத்தில் சிலிண்டர், மூக்கில் குழாய். படிக்கட்டை ஒரு தரம் பார்த்தான், லிப்ட் அட்டையை ஒரு தரம் பார்த்தான், சிரித்தான். நீ போ மாமா, எனக்கும் சேத்துப் பேசிட்டு வா, ஒனக்குத்தான் காத்து இருக்கே என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று தரம் நிறுத்த வேண்டியிருந்தது. சாதாரணமாகத்தான் சொன்னான். சாதாரணமாகச் சொன்னானா? அவனும் பதினோரு பேரில் ஒருத்தன். இந்த அறையில் இருமுகிறார்களே, ஒவ்வொரு இருமலும் ஒவ்வொரு மாதிரி. அந்த மூலையில் இருமுகிறவர் மில்லுக்காரர், பஞ்சு இருமல், தொண்டையில் நூல் சிக்கின மாதிரி வறட்டு வறட்டென்று வரும். முன்னால் இருக்கிற அம்மாளுக்கு அடுப்புப் புகை, அது குழைந்து வரும், சளியோடு. கல் இருமல் தனி. அது உள்ளே ஜல்லியைக் கொட்டின மாதிரி ஆரம்பித்து, கடைசியில் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கும். அந்தச் சத்தமில்லாத இடம்தான் அவருக்குப் பயம். கல் உடைக்கிற கிரஷரில் கூட வேலை செய்த சோலைமுத்து கடைசி மூணு மாசம் அப்படித்தான் குலுங்கினான்.

டோக்கன் பதினாலு. மைக்கில் இப்போது ஆறு. ஒருத்தருக்கு மூணு நிமிஷம், மேஜையில் ஒரு கடிகாரம் வைத்து ஒரு அம்மாள் மணி தட்டுகிறார். மூணு நிமிஷம் என்று தெரிந்த அன்றைக்கே தொழிலாளர் சங்கத்து ஜெசிந்தாம்மா அவர்கள் ஊரான ஓடப்பட்டிக்கு வந்து எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருத்தராகப் பேச விட்டுப் பார்த்தது. சுடலை ஒண்ணரை நிமிஷத்தில் நின்றான். கலியமூர்த்தி நாற்பது விநாடி. இன்னொருத்தன் பேரைச் சொல்லி ஊரைச் சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் எல்லாரும் மருதையனைப் பார்த்தார்கள். அவர் பேசினார், மூணு நிமிஷம், நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டிப்பர் ஓட்டுகிறவர், கிரஷர் ஓடுகிற நேரமெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேபினுக்குள் இருந்தவர், பாட்டுக் கேட்டவர். வெளியே பெல்ட்டடியில் அவர்கள் வெள்ளையாக நின்றார்கள், புருவமும் மயிரும் வெள்ளையாக, மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் மாதிரி, அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஐயாதான் பேசணும், வேற யாரு என்றது ஜெசிந்தாம்மா. என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொடுத்தது. கல்தூசி நோய்க்கு மாச உதவி வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஊதிப் பார்க்கிற மெஷின் வேண்டும், அதற்காக எண்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நிற்க முடியாது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருக்கிறவனுக்குக் கரண்டைச் சும்மா கொடுக்க வேண்டும், மெஷினை நிறுத்தி நிறுத்தி மூச்சை மிச்சம் பிடிக்கிறான் கலியமூர்த்தி, விருந்தாளி வந்தால்தான் ஃபேனைப் போடுகிற வீடு மாதிரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் அந்த அம்மா போன் செய்தது. ஐயா, அவங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கு, நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க கிரஷர்ல கேம்ப் நடந்திருக்கு, பதினோரு பேரும் ஊதி பதினோரு பேருக்கும் நார்மல்னு வந்திருக்கு, உங்க பக்கம் நோயே இல்ல, திட்டத்துல உங்க தாலுகாவைச் சேக்க வேண்டியதில்லன்னு எழுதப்போறாங்க, எப்படிய்யா நார்மல் வந்துச்சு? அந்த அம்மாவே ஒரு வழியும் சொன்னது. மெஷின் ரிப்பேரா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. சரிம்மா என்றார். சரிம்மா என்று சொன்ன வாய் இன்னும் கசக்கிறது, காலையில் காப்பி குடித்தும் போகவில்லை.

மெஷின் ரிப்பேர் இல்லை. மெஷின் நல்லா இருந்தது. வெள்ளை வேன், பின்பக்கம் நீலத் திரை, உள்ளே ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்கு எதிரே மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனுஷன். அப்போது எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்த காலம், யாரைப் பார்த்தாலும் கண் மட்டும்தான் தெரியும். மேலே இருந்து ஆய்வு வந்துவிட்டது, ஊதிக்காட்டித் தேறாதவனை வேலையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வைக்கக் கூடாது என்றால் எங்கே போவது? அதை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு விடிகாலையில் பதினோரு பேரும் கிரஷர் வாசலில் நின்றார்கள், முகம் செத்துப்போய். யாருக்கு முதலில் அந்த யோசனை வந்தது? சோலைமுத்துதான் கேட்டான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், நான் ஊதிடறேன்டா என்று சொன்னது தன் குரல்தான். யாரும் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டார். பெருமையாகச் சொன்னார். பாழுங்குவாரித் தண்ணீரில் விழுந்த மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கியவர், உள்ளே போனால் நூறு எண்ணுகிற வரைக்கும் வெளியே வரமாட்டார், அந்தப் பெருமை. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைக்கிற, கிரஷரின் பெரிய சக்கரத்தின் மேல் பன்னிரண்டு கையையும் வைத்துச் சத்தியம் செய்தார்கள், பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாது என்று. பிறகு ஒவ்வொருத்தனின் துண்டையும் தலையில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தனின் சட்டையையும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பேரையும் சொல்லிக்கொண்டு திரைக்குள்ளே போனார். மேனேஜர் வேப்பமரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டு ஆகாசத்தைப் பார்த்தார். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் அட்டைக் குழலை வைத்து, இழுங்க இழுங்க இழுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும். நாலாவதில் காது அடைத்தது. ஏழாவதில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. எட்டாவதுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து ஊதினார், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று, அந்தப் புத்தியும் தனக்கு எங்கிருந்து வந்ததோ. எட்டாவது சட்டை கலியமூர்த்தியுடையது. கண்ணாடிக்காரர் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னார், உங்க ஊருத் தண்ணி நல்ல தண்ணி போலிருக்கே, எல்லாருக்கும் ஒரே நெஞ்சு. சிரித்தாரா? முகக்கவசத்துக்குள்ளே என்ன செய்தார் என்று யார் கண்டது. இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று சொன்னால் அந்த மனுஷன் மேல் போய் விழும். குழந்தை குட்டி இருக்கும். பதினோராவது சட்டை சோலைமுத்துவுடையது. உள்ளே போகும்போது கால் நடுங்கியது, ஆனால் சோலைமுத்து ஆயிற்றே, தன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் ஆயிற்றே என்று இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, குவாரிக்குள் இறங்குகிற மாதிரி இழுத்து, அடிவயிறு ஒட்டிப்போகும் வரை ஊதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தக் கிரஷரிலேயே அதுதான் பெரிய எண்.

டோக்கன் ஒன்பது என்று கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் சோலைமுத்துவின் சம்சாரம் தைலம்மை மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்து ரெண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே அதைத் திறந்து காட்டிவிட்டாள். அந்தத் தொண்ணூற்றெட்டு. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி, மூலை மடங்காமல் வைத்திருக்கிறாள். இதை அந்த டாக்டரம்மா கையில கொடுத்திடறேண்ணே, தொண்ணூத்தெட்டு வாங்கின ஆளு பதினாலு மாசத்துல போயிருக்காருன்னா கல்லு தின்னுதா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும் என்றாள். நல்ல யோசனையாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கொடுக்கப்போகிற அந்த ஒரு காகிதம் போதும், லிஸ்ட் நிஜம் என்று ஆகிவிடும், பதினோரு பேருக்கும் கதவு சாத்திவிடும். கொடுக்காதே என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதுதான் அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது. அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்காமல் இருப்பதற்குத்தான் அவர் காலையிலிருந்து இருமலையும் டோக்கனையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். தைலம்மை நல்லவள், ஆனால் வாய்க்காரி. சோலைமுத்து காலையில் எழுந்திருக்க மாட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அந்தக் காகிதத்தைச் சுவரில் காட்டிப் பேசுவாள். தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கின நெஞ்சு, வேலைக்குப் போகச்சொன்னா மட்டும் மூச்சு முட்டுது பாரு. வாசலில் டிப்பரை நிறுத்திக்கொண்டு மருதையன் அதைக் காதால் கேட்டிருக்கிறார், ஒரு நாள் இல்லை, பல நாள். சோலைமுத்து எழுந்து வருவான், கேபினில் ஏறக் கையை நீட்டுவான், இழுத்து ஏற்றுவார், ரெண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டார்கள். ஒரு நாள் மட்டும், சொல்லிடவாடா அவகிட்ட என்று கேட்டார். வேணாம், பாவம், அவளுக்கு அது ஒண்ணுதான் தெம்பு என்றான். சக்கரத்துக்காகச் சொல்லவில்லை, அவள் தெம்புக்காக. இப்போது சொன்னால், அவள் அந்த ஒவ்வொரு காலையையும் திரும்ப எடுத்துப் பார்ப்பாள் அல்லவா? அவனை வேலைக்கு அனுப்பி வைத்தது தான்தான் என்று. அனுப்பி வைத்தது அவளில்லை, அந்த எண். அந்த எண்ணை ஊதியது யார்.

ஜன்னல் ஓரம் ஒரு சிப்பந்தி பேப்பர் கப்பில் டீ கொடுத்துக்கொண்டு வந்தார். மருதையன் வாங்கி ஊதினார், ஒரே ஊதில் ஆடை ஓரமாக ஒதுங்கியது, உடனே நிறுத்திக்கொண்டார். தைலம்மை கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவரு இருந்தா இதைக் குடிச்சிருக்க மாட்டாருண்ணே, ரெண்டு டம்ளர் வேணும் அவருக்கு, ராஜா வூட்டுப் புள்ள மாதிரி ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஆத்தி ஆத்திக் குடிப்பாரு, கழுவுறது நானு என்றாள். கிரஷர் டீக்கடையில் அவனுக்கு ரெண்டு டம்ளர் கொடுத்துப் பழகிவிட்டார்கள். முதலில் கிண்டல் செய்தார்கள், மைனர் வந்துட்டாரு, ரெண்டு டம்ளர் எடு என்று. பிறகு கிண்டல் நின்றுபோயிற்று, ஏன் நின்றது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. டோக்கன் பதினொன்று. பதினொன்று என்றதும் அவரைக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தார். பதினோரு பேரில் நாலு பேர் இல்லை. சொன்னால் என்ன செய்வார்கள், போலீஸா? ஆள்மாறாட்டம் என்று கேஸ் போடுவார்கள். டிப்பர் சாவி போகும், அது நாளைக்கே போகும். மீதி ஏழு பேரையும் பொய்யன்கள் என்று எழுதிவிட்டால்? ஏமாத்தினவனுக்கு எதுக்குடா உதவி என்று மூடிவிட்டால்? சொன்னாலும் சாத்தும், சொல்லாவிட்டாலும் சாத்தும் என்றால் வாயை ஏன் திறப்பது. மெஷின் ரிப்பேர். மூணு வார்த்தைகூட இல்லை, ரெண்டு. அந்தக் கண்ணாடிக்காரர் எங்கே இருக்கிறாரோ, வேறு ஊருக்குப் போயிருப்பார், வேலையையே விட்டிருப்பார். மெஷின் ரிப்பேர் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். குவாரித் தண்ணீருக்குள் போகும்போது முதல் இருபது எண்ணிக்கை சுகமாக இருக்கும். அறுபதுக்கு மேல் காது சொல்லும், போதும் மேலே போ என்று. ஒரு தரம் மோட்டார் கயிறு காலில் சுற்றிக்கொண்டு, எண்பது, தொண்ணூறு, வாய் தானாகத் திறக்கப் பார்த்தது, தண்ணீர்தான் இருக்கிறது என்று தெரிந்தும் திறக்கப் பார்த்தது. அவ்வளவுதான், அந்தப் பத்து விநாடி. மேலே வந்து படியில் கிடந்தபோது நினைத்துக்கொண்டார், சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம் என்று. ஆனால் கலியமூர்த்தி அந்தப் பத்து விநாடியிலேயே ரெண்டு வருஷமாகக் குடியிருக்கிறான், மேலே வருவதற்குப் படி இல்லை. சோலைமுத்து அதிலேயே பெல்ட்டடிக்குப் போய் மண்வெட்டி பிடித்தான். டோக்கன் பன்னிரண்டு வரவில்லை, ஏறி வர முடியவில்லையாம். பதின்மூன்று அந்த அடுப்புப்புகை அம்மாள். பேச எழுந்தவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், இருமினாள், மூணு நிமிஷமும் இருமலிலேயே போய்விட்டது, மணி தட்டுகிற அம்மாள் தட்டாமல் கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.

பதினாலு. எழுந்தபோது தைலம்மையும் எழுந்தாள், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை, இவர் மைக்குக்குப் போவதற்குள் அவள் மேஜைக்கே போய் அந்த உறை போட்ட காகிதத்தை நடுவில் இருந்த டாக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். டாக்டரம்மா அதைப் பார்த்தார், பக்கத்திலிருந்த அதிகாரி ஒரு லிஸ்ட்டைப் புரட்டிக் காட்டினார், ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஜெசிந்தாம்மா கண்ணாலேயே சொன்னது, மெஷின், மெஷின். மருதையனுக்குக் கூட்டம் மங்கலாகி ஃபேன் சத்தம் மட்டும் பெரிசாகக் கேட்டது. மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "ஐயா, எனக்கு மூணு நிமிஷம் வேண்டாம்," என்றார். "அந்த வேன்ல பதினோரு பேருக்கும் ஊதினது நான்." அதிகாரிக்குப் புரியவில்லை, என்னய்யா சொல்றே என்றார். மருதையன் பக்கத்தில் பார்க்காமல், மேஜையின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சட்டையை மாற்றி மாற்றிப் போனதை, எட்டாவதில் குறைத்ததை, ஒன்று விடாமல். இது குற்றம், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பியா என்று அதிகாரி கேட்டார். கொடுக்கிறேன் என்றார். "ஆனா ஒண்ணுங்க. தோத்தா வேலை போயிடும்னா எவன் தோப்பான்? ஆளை வச்சாவது ஜெயிச்சுத்தான் காட்டுவான். ஊதித் தோத்தவனுக்குச் சோறு உண்டுன்னு முதல்ல எழுதுங்க. அப்புறம் மெஷினை அனுப்புங்க." டாக்டரம்மா தன் பையிலிருந்து முள்ளும் அளவுக்கோடும் உள்ள பிளாஸ்டிக் குழல் ஒன்றை எடுத்து நீட்டினார், ஊதுங்க என்றார். இங்கேயா? இங்கேதான். மருதையன் இழுத்தார். வேண்டாம் என்று நினைத்தும் குறைத்து இழுக்க முடியவில்லை. ஊதியபோது அந்த அறை முழுக்க, இருமுகிறவர்கள்கூட, அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள், நீளமான, ஒரு கீறல் இல்லாத காற்று. முள் ஓடி மேலே போய் நின்றது. டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், கையிலிருந்த தொண்ணூற்றெட்டைப் பார்த்தார். "இதுவும் நீங்களா?" "கடைசியா ஊதினதுங்க அது. அதுக்குத்தான் நல்லா ஊதினேன்." பழைய லிஸ்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊரில் எல்லாருக்கும் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஏதோ எழுதினார். பார்ப்போம், இவர்மேல் என்ன நடவடிக்கை என்றும் பார்ப்போம் என்றார் அதிகாரி. மணி அடித்தது. காகிதம் பைலுக்குள் போயிற்று, திருப்பித் தரவில்லை.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மஞ்சள் பை காலியாகத் தைலம்மையின் மடியில் கிடந்தது, அவள் அதை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று இருந்தார். எழுந்து போய்விடுவாள் என்று இருந்தார். நாற்காலிக்குக் கீழே சுவரோரம் அவள் குடித்த டீ கப் கவிழ்ந்து கிடந்தது. அவர் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"அப்ப அவருக்கு எவ்வளவுண்ணே இருந்திருக்கும்?"

யாரும் அளக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் நிஜம், சோலைமுத்துவின் மூச்சை ஒரு மெஷினும் பார்த்ததில்லை. ஆனால் அவர் பார்த்திருக்கிறார், தினமும், டீக்கடையில், பக்கத்திலேயே நின்று.

"டீயை ஊதி ஆத்தக் காணாது, தங்கச்சி."

டோக்கன் பதினைந்து என்று கூப்பிட்டார்கள். முன் வரிசையில் யாரோ நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார்கள். தைலம்மை பையை மடிப்பதை நிறுத்தினாள்.

"அதான் எப்பவும் ரெண்டு டம்ளர் கேட்டாரா," என்றாள்.